நம்பகமானவர் சேர்ப்பது

சென்ற ரமலானுக்குச் சில நாட்கள் முன்னதாக, என்னிடம் அரபி இலக்கணம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் காண வந்திருந்தார். மதரஸாக் கல்வியை முடித்தபின் கணிப்பொறித் துறைக்குச் சென்று, இப்பொழுது ஐரோப்பிய நாடொன்றில் பணிபுரிபவர். தேநீர் அருந்தி முடித்ததும் கைப்பேசியை எடுத்து மேசைமீது வைத்து, “ஹஜ்ரத், கொஞ்சம் இதைக் கேட்க வேண்டும்” என்றார். கிதார் ஒலி எழுந்தது. விரல்கள் நரம்புகளின்மேல் மழையெனப் பொழிந்தன. பியானோ ஒன்று இடையே வந்து உரையாடிற்று.

“ஸ்பெயின் நாட்டு ஃப்ளமெங்கோ இசை, ஹஜ்ரத். வாசிப்பவர் பாக்கோ தெ லூசியா. இந்த உருப்படிக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஸிர்யாப்! நம் குர்துபாவின் ஸிர்யாப்! இது நம்முடைய இசை. நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது.”

அச்சொல் என் உள்ளத்தையும் இனிக்கச் செய்தது என்பதை மறைப்பானேன்? அந்தலுஸ் என்ற பெயரைக் கேட்டதும் நெஞ்சு விம்முவது நம்மவர்க்கு இயல்பு. நானே மீலாது மேடைகளில், ஃப்ளமெங்கோவின் தந்தை ஸிர்யாப் என்றும், அந்நாட்டு இசையரங்குகளில் எழும் ‘ஓலே’ என்ற ஆரவாரம் அல்லாஹ்வின் திருநாமம் திரிந்ததே என்றும் முழங்கியிருக்கிறேன். கூட்டம் தக்பீர் முழங்கியது. ஆனால் அதே கூற்றை என் மாணவரின் வாயால் கேட்டபோதுதான், ஆசிரியன் என்ற நிலையில் நான் கேட்டிருக்க வேண்டிய வினா நினைவுக்கு வந்தது: இதற்கு ஸனது எங்கே? கேட்டதையெல்லாம் ஆராயாது பரப்புவதைக் கண்டிக்கும் நபிமொழியை ஆண்டுதோறும் பாடம் நடத்துகின்ற நான், மேடையேறியதும் அதை எங்கே வைத்துவிட்டேன்?

இசை ஆகுமா ஆகாதா என்று எனக்கு மடல் எழுத எண்ணும் அன்பர்களுக்கு ஒரு சொல். அது வேறொரு கட்டுரைக்குரியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் அதற்கெனத் தனிப் பகுதி ஒதுக்கினார்கள், அந்தலுஸின் இப்னு ஹஸ்ம் ஆகும் என்ற பக்கம் நின்றார், மறுத்தவர்களும் பெரியோர்களே. ஈண்டு நான் எடுத்துக்கொள்வது இசையின் சட்டத்தை அன்று. முன்னோரிடமிருந்து பெற்ற ஒன்றில் பிறருடையதைக் கலக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஒன்றை ‘நம்முடையது’ என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு முகங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனைப் பேச ஃப்ளமெங்கோ கிதாரைக் காட்டிலும் தக்க சான்று கிடைப்பது அரிது.

முதலில் ஸனதைப் பார்ப்போம். ஸிர்யாப் கி.பி. 822இல், இரண்டாம் அப்துர் ரஹ்மானின் ஆட்சியில் குர்துபா வந்து சேர்ந்தார், 857இல் மறைந்தார். ஊது என்னும் யாழுக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்றும், மரத்துண்டால் மீட்டுவதை விடுத்துக் கழுகின் இறகால் மீட்டினார் என்றும் படிக்கிறோம். நாம் விரும்பிச் சொல்லும் ஸிர்யாப் கதைகளைப் பரவச் செய்த நூல் மக்கரீயின் ‘நஃப்ஹுத் தீப்’. அது எழுதப்பட்டதோ 17ஆம் நூற்றாண்டில். இடையே 750 ஆண்டுகளுக்கு மேல். மறுமுனையில், ஃப்ளமெங்கோவின் சாயல்கள் ஏடுகளில் தென்படுவது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்; அப்பெயர் அவ்விசைக்கு வழங்கத் தொடங்கியதோ 19ஆம் நூற்றாண்டின் நடுவில். முஸ்லிம்களாக இருந்து வலிந்து கிறிஸ்தவராக்கப்பட்ட மொரிஸ்கோக்கள், ஏறத்தாழ மூன்று லட்சம் பேர், 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் போன பின்னரும் ஒன்றரை நூற்றாண்டு மௌனம். இப்படி அறுந்த தொடரை ஹதீஸ் கலையில் ‘முன்கதிஉ’ என்போம். அதில் உண்மை இருக்கலாம். ஆயினும் உறுதியென்று மேடையேறிச் சொல்லும் தகுதி அதற்கில்லை.

“தொடர் அறுந்தாலும் மத்ன் ஒத்திருக்கிறதே?” என்பார் உண்டு. ஒத்திருக்கிறது, உண்மைதான். ஃப்ளமெங்கோவில் ஆதாரச் சுரத்திற்கு அடுத்த சுரம் அரைப்படி மட்டுமே உயர்ந்து நிற்கும். பாங்கு சொல்லும் பண்களுள் ஒன்றான ஹிஜாஸைக் கேட்டுப் பழகிய செவிக்கு அது சொந்த வீட்டுக் குரலாகவே படும். ஆனால் அதே அமைப்பு யூதர்களின் தொழுகைப் பாடல்களில் இருக்கிறது. பால்கன் நாடுகளில் இருக்கிறது. நம் ஊரில் இசை பயிலும் சிறுவனின் முதற்பாடமான மாயாமாளவகௌளையின் தொடக்கத்திலும் இருக்கிறது. சாயலை வைத்துக்கொண்டு பாகப்பிரிவினை கேட்க முடியுமா?

சொற்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஸ்பானிய மொழியில் ‘லாஊத்’ என்பது ‘அல்ஊத்’ என்பதிலிருந்து வந்தது, ஐயமில்லை. ‘ரபெல்’ என்ற வில்யாழ் நம் ரபாப், அதிலும் ஐயமில்லை. ஆனால் ‘ஃப்ளமெங்கோ’ என்பது உழவனைக் குறிக்கும் ‘ஃபல்லாஹ்’ என்ற அரபிச் சொல்லோடு தொடங்கும் ஒரு தொடரின் திரிபு என்று அந்தலூசிய எழுத்தாளர் பிளாஸ் இன்ஃபாந்தே 20ஆம் நூற்றாண்டில் ஊகித்தாரே, அதற்குப் பழைய ஏட்டுச் சான்று இல்லை. ‘ஓலே’யின் கதையும் அத்தகையதே. அரபி படித்தவன் என்ற முறையில் இதை எழுதுகையில் எனக்கு மகிழ்ச்சியில்லை. எனினும் எழுத வேண்டியிருக்கிறது.

இனி, ‘நாம்’ என்று சொல்கிறோமே, அந்த ‘நாம்’ யார்? இதற்கு ஒரு மொரிஸ்கோ முதியவரே விடையளித்திருக்கிறார். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னன் கர்னாத்தாவின் மொரிஸ்கோக்களுக்கு அரபி மொழியையும், அவர்தம் உடையையும், குளியலகங்களையும், ‘ஸம்ப்ரா’ என்ற இசை ஆடல் நிகழ்வையும் தடை செய்தான். பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்ற வயது முதிர்ந்த பெருங்குடியினர், அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். இளமையில் தலவேரா என்ற பேராயரிடம் பணியாளராக இருந்தவர் அவர். அந்தப் பேராயரே கிறிஸ்தவத் திருவிழா ஊர்வலத்தில் ஸம்ப்ராவை அனுமதித்தார் என்பதை நினைவூட்டினார். துருக்கியிலும் மொரோக்கோவிலும் உள்ள முஸ்லிம்களிடம் இந்த ஸம்ப்ரா கிடையாது. ஆகவே இது மதச் சடங்கன்று, இந்த மண்ணின் வழக்கம் என்று வாதாடினார். அந்தக் காலத்து மார்க்க அறிஞர்கள் அதில் கலந்துகொள்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இதைப் படித்தபோது நான் சற்று நேரம் நூலை மூடிவைத்துவிட்டேன். நாம் ‘இஸ்லாமிய இசை’ என்று உரிமை கோருவதை, அதனைக் காக்கத் துடித்த மனிதரே ‘கர்னாத்தாவின் இசை’ என்றல்லவா சொல்கிறார்! காப்பாற்றுவதற்காகச் சொன்ன வழக்குரைஞர் வாதம் என்று ஒதுக்கலாம். ஆனால் அந்தலுஸின் பழைய செய்திகளும் அவர் பக்கமே நிற்கின்றன. தத்துவ மேதை இப்னு பாஜ்ஜா (மறைவு 1138) கிறிஸ்தவர்களின் பாடல் முறையையும் கிழக்கத்திய முறையையும் இணைத்து அந்தலுஸுக்கே உரிய ஒரு பாணியை உருவாக்கினார் என்று 13ஆம் நூற்றாண்டின் தீஃபாஷீ குறிக்கிறார். முவஷ்ஷஹ் பாடல்கள் செந்தமிழ் நிகர்த்த உயர் அரபியில் நடந்து, சில வேளைகளில் இறுதியடியில் அம்மண்ணின் ரோமான்ஸ் பேச்சுமொழிக்கு இறங்கிவிடும். வேரைத் தோண்டிப் பார்த்தால் வேரிலேயே கலப்பு!

அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1568இல் கிளர்ச்சி வெடித்தது, 1571இல் அடக்கப்பட்டது. ஊரைவிட்டுப் போனவர்களின் இசை தெத்துவான், ஃபாஸ் போன்ற நகரங்களில் இன்றும் ஆலா என்ற பெயரில் வாழ்கிறது. அதற்கு ஆசிரியர் மாணவர் தொடர் உண்டு.

ஃப்ளமெங்கோவின் ஸனதோ பெரும்பாலும் இன்னொரு துயருற்ற கூட்டத்தின் கையில் இருந்தது. ஹித்தானோ எனப்படும் அந்த நாடோடி மக்கள் 1425 அளவில் ஸ்பெயின் வந்தனர். அவர்களுடைய மூதாதையர் புறப்பட்டது இந்தியாவிலிருந்து என்பதற்கு அவர்தம் பழைய மொழியே சாட்சி. 1749இல் அரசு ஒரே திட்டமாக ஆணையிட்டு அவர்களில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைக் கைது செய்தது. ஆண்களைப் போர்க்கப்பல் கட்டும் தளங்களுக்கும், பெண்களையும் சிறுவரையும் வேறு இடங்களுக்கும் பிரித்து அனுப்பியது. பிழைத்தவர்களின் வீடுகளிலும் கொல்லுலைகளிலும் பாடப்பட்ட பாடல்களே பின்னாளில் அரங்கேறின. அந்தக் குடும்பங்களில் ஒருவர் என்னிடம் வந்து, “எங்கள் தாத்தா பாடியதை உங்களுடையது என்கிறீராமே?” என்று கேட்டால் நான் என்ன விடை சொல்வேன்?

கலப்பை அஞ்சியவர்களும் உண்டு. 1922 ஜூனில் கர்னாத்தாவின் அல்ஹம்ரா வளாகத்தில், இசைமேதை மனுவேல் தெ ஃபாயாவும், அப்பொழுது 24 வயது இளைஞராக இருந்த கவிஞர் லோர்காவும் முன்னின்று ஒரு போட்டி நடத்தினர். வணிக அரங்குகளால் கெட்டுப்போகும் பழம்பாடலைத் தூய நிலையில் மீட்பது நோக்கம். ஆகவே தொழில்முறைப் பாடகர்களுக்கு அதில் இடமில்லை. பரிசு பெற்றோருள் ஒருவர் ‘தெனாஸாஸ்’ என்ற முதியவர், இன்னொருவர் மனோலோ கரக்கோல் என்ற சிறுவர். அச்சிறுவர் வளர்ந்து என்ன செய்தார்? 1940களில் பெரிய வாத்தியக் குழுவோடு நாடக மேடையேறி ‘ஸம்ப்ரா’ என்ற பெயரிலேயே பாடி, தூய்மைவாதிகளின் கண்டனத்தைச் சம்பாதித்தார்! இறைவனின் ஏற்பாடுகளில் நகைச்சுவையும் உண்டு.

இப்பொழுது பாக்கோவிடம் வருவோம். இவர் 1947இல் பிறந்த ஊர் அல்ஹெஸிராஸ். நம் ஏடுகளின் ‘அல்ஜஸீரா அல்களரா’. இவர் ஹித்தானோ அல்லர். பகலில் சில்லறை வேலைகள், இரவில் விடுதிகளில் கிதார் என்று வாழ்ந்த ஏழைத் தந்தை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு நாள்தோறும் பல மணி நேரம் பயில வைத்தார். அண்ணன் ராமோன், அக்காலத்து முன்னோடியான நீன்யோ ரிக்கார்தோவின் உருப்படிகளைத் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தார். 15 வயதில் ஓர் ஆடற்குழுவோடு அமெரிக்கா சென்றபோது, அங்கே வாழ்ந்த மூத்த மேதை ஸபிக்காஸ், “பிறர் உருப்படியையே வாசித்துக்கொண்டிராதே, உனக்கென ஒன்று செய்” என்னும் பொருள்பட அறிவுரை சொன்னார். ஏறக்குறைய இஜாஸா என்றே சொல்ல வேண்டும்.

ஃப்ளமெங்கோவில் கிதாரின் இடம் என்னவென்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பாடகரே தலைவர், கிதார் பணியாள். ‘கொம்பாஸ்’ என்னும் தாளவட்டம் சொலேயா போன்ற வகைகளில் 12 எண்ணிக்கை கொண்டது; அழுத்தம் 3, 6, 8, 10, 12 என்ற இடங்களில் விழும். பாடகர் மூச்சை நீட்டினால் கிதார் காத்திருக்க வேண்டும். அவர் ஓய்ந்தால் மட்டுமே தன் சிறு வாசகத்தைச் சொல்லலாம். வட்டமோ ஒருபோதும் உடையக்கூடாது. மிகையாக வாசிக்கும் கிதார்காரரை அரங்கம் பொறுக்காது. இந்த அதபில் பாக்கோ ஆண்டுக்கணக்கில் நின்றார். காமரோன் தெ லா இஸ்லா என்ற ஹித்தானோப் பாடகருக்கு 1969 முதல் 1977 வரை ஒன்பது இசைத்தட்டுகளில் கிதார் வாசித்தார்.

இவ்வளவுக்கும் நடுவிலேதான் அவர் சேர்க்கத் தொடங்கினார். 1973இல் ‘எந்த்ரே தோஸ் அகுவாஸ்’, அதாவது ‘இரு நீர்களுக்கிடையே’ என்ற உருப்படியில் பாங்கோ பறையும் மின்தந்தி பேஸும் வந்தன. 1980 டிசம்பர் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அல் டி மியோலா, ஜான் மெக்லாஃப்லின் என்ற இருவரோடு மூன்று கிதார்களாக அமர்ந்தார். (இந்த மெக்லாஃப்லின் 1970களில் நம் தமிழகத்துக் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமோடு சக்தி குழுவில் வாசித்தவர்.) ஜாஸ் இசையில் முன்னேற்பாடின்றி அவ்வப்போதே புனைந்து வாசிக்கும் முறை பாக்கோவுக்குப் புதிது. அதற்காகத் தாம் தலைவலியோடு திணறியதை அவரே பின்னர் ஒளிக்காமல் பேசினார். உலகம் போற்றும் நிலையில் இருந்த ஒருவர், மேடையிலேயே மீண்டும் மாணவராக அமர்ந்தார். 1991இல், இசைக்குறிகளை வாசித்துப் பழகாதவராக இருந்தும், ரோத்ரீகோவின் புகழ்பெற்ற ‘அரன்ஹுவேஸ்’ இசைக்கோவையைக் கற்று முழு வாத்தியக் குழுவோடு வாசித்தார். செவ்வியல் பக்கத்தாரும் ஃப்ளமெங்கோப் பக்கத்தாரும் ஆளுக்கொரு குறை கண்டனர்.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஒரு மரப்பெட்டி. 1977இல் பெரு நாட்டின் லிமா நகருக்குச் சென்றபோது, கைத்ரோ ஸோத்தோ என்ற கறுப்பினக் கலைஞர் ‘கஹோன்’ என்ற பெட்டியின்மேல் அமர்ந்து அதனைக் கையால் தட்டி வாசிப்பதைப் பாக்கோ கேட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர் வெறும் மரப்பெட்டியிலிருந்து உண்டாக்கிக்கொண்ட வாத்தியம் அது. ஃப்ளமெங்கோவின் கைத்தட்டலுக்கும் ஆடுபவரின் காலடிக்கும் இடைப்பட்ட ஓசையை அதில் கண்டு, ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து, தம் குழுவின் பிரேசில் நாட்டுக் கலைஞர் ரூபெம் தந்தாஸ் கையில் கொடுத்தார். இன்று கஹோன் இல்லாத ஃப்ளமெங்கோ மேடை அரிது. ஆயிரமாண்டுப் பழமை என்று நினைத்துக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தங்கள் வாத்தியம் பிறர் பெயரில் போய்விடுகிறதே என்ற கவலையும் பெருவில் எழுந்தது. 2001இல் அந்நாடு அதனைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. பாக்கோவோ, அது பெருவிலிருந்து தாம் எடுத்தது என்று கேட்டபோதெல்லாம் சொல்லிவந்தார். எடுத்த இடத்தைச் சொன்னார். அதாவது ஸனதைச் சொன்னார்.

ஹதீஸ் கலையில் ‘ஸியாதத்துஸ் ஸிகா’ என்றொரு பாடம் உண்டு. பல அறிவிப்பாளர் ஒரு செய்தியைச் சொல்ல, அவர்களில் நம்பகமான ஒருவர் மட்டும் அதில் ஒரு சொல்லைக் கூடுதலாக அறிவித்தால் ஏற்பதா, தள்ளுவதா? நம்பகமானவரின் கூடுதல், தம்மினும் உறுதியானோர் அறிவித்ததற்கு முரண்படாத வரை, ஏற்கத்தக்கது என்றனர் அறிஞர் பலர். அதே சொல்லைப் பலவீனமானவர் கூடுதலாக்கினால் எவரும் ஏறெடுத்தும் பாரார். புனித அறிவிப்பின் விதியை யாழுக்கும் பறைக்கும் அப்படியே பொருத்துவது முறையன்று என்பதை அறிவேன். அங்கே அறிவிப்பாளர் தாம் கேட்டதையே கூட்டிச் சொல்கிறார். இங்கே கலைஞர் தாமாகப் புனைகிறார். அவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே, ஒரு செய்தியை மட்டும் அந்தப் பாடத்திலிருந்து கடன் வாங்குகிறேன்: சேர்க்கப்பட்டது எங்கிருந்து வந்தது என்பதற்கு முன்னால், சேர்ப்பவர் யார் என்று கேட்கிறார்கள் நம் முன்னோர். பன்னிரண்டு எண்ணிக்கையில் உறங்கி எழுந்தவர் பதின்மூன்றாவதாக ஒரு வாத்தியத்தைக் கொண்டுவந்தால், அது எங்கே அமர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பாடகருக்காகக் காத்திருந்து பழகாதவர் அதே பெட்டியைத் தட்டினால் அது வெறும் சந்தடியே. உணவு விடுதிகளில் இரைச்சலுக்குத் துணையாக ஓடும் ‘ஸ்பானிய’ இசையைக் கேட்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அளவுகோல் எளிதானது என்று சொல்லவில்லை. யார் நம்பகமானவர் என்பதை அவர் வாழும் காலம் உடனே அறிந்துகொள்வதில்லை. காமரோன் 1979இல் மின்கிதாரும் ஸித்தாரும் சேர்த்து ‘லா லெயேந்தா தெல் தியெம்போ’ என்ற இசைத்தட்டை வெளியிட்டபோது, இது காமரோனே அல்ல என்று ஹித்தானோக்களே கடைக்குச் சென்று திருப்பிக் கொடுத்தனர் என்பர். விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. இன்று அதனை ஒரு திருப்புமுனை என்கிறார்கள். அன்று திருப்பிக் கொடுத்தவர்களையும் நான் குறை கூறமாட்டேன். பெற்றதைக் காக்கும் பொறுப்பு தங்களுக்கு உண்டு என்று எண்ணியவர்கள் அவர்கள். அத்தகைய காவலர் ஒருவரும் இல்லாத கலையில், சேர்ப்பவருக்கு எதிரே நிற்க யாருமின்றிப் போகும். அது அவருக்கும் நல்லதன்று.

அறுந்த தொடரைப் பொய்யால் ஒட்டாமல், நேரில் சந்தித்துப் பேசிய நிகழ்வுகளும் உண்டு. 1983இல் ஹித்தானோ கவிஞரும் பேராசிரியருமான ஹொஸே எரேதியா மாயா ‘மகாமா ஹொந்தா’ என்ற மேடை நிகழ்வில் தெத்துவானின் அந்தலூசியக் குழுவை ஃப்ளமெங்கோக் கலைஞரோடு அமர வைத்தார். 1985இல் ‘லெப்ரிஹானோ’ என்ற பாடகர் தஞ்சா நகரக் குழுவோடு ஓர் இசைத்தட்டே பாடினார். மொரோக்கோக்காரர் வயலினை முழங்காலின்மேல் நிமிர்த்தி வைத்து வாசிப்பர், பக்கத்தில் கிதார். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அங்கே எவரும் சத்தியம் செய்யவில்லை. ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் தொடங்கினார். பாக்கோ 1990இல் தம் இசைத்தட்டுக்கு ஸிர்யாபின் பெயரைச் சூட்டியதும் இவ்வகையே என்று கொள்கிறேன். அது வாரிசுச் சான்றிதழ் அன்று. தூரத்திலிருந்து சொன்ன ஸலாம். அந்தத் தட்டில் பியானோ வாசித்தவர் அமெரிக்க ஜாஸ் கலைஞர் சிக் கொரியா. ஸிர்யாப் என்ற பெயரின் கீழ் அல்ஹெஸிராஸ்காரரும் அமெரிக்கரும் சந்திக்கிறார்கள். பாக்தாதிலிருந்து குர்துபாவுக்கு ஊதைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த மனிதருக்கு இது வியப்பளித்திராது.

பாக்கோ 2014இல் மெக்ஸிக்கோவில் மறைந்தார். அல்ஹெஸிராஸில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவற்றையெல்லாம் அன்றே என் மாணவருக்குச் சொல்ல இயலவில்லை. எனக்கே தேடிப் படிக்க வேண்டியிருந்தது. பிறகு தொலைபேசியில் பேசியபோது, மேடையில் நான் சொன்னவை ஆதாரமற்றவை என்பதை முதலில் ஒப்புக்கொண்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. “அப்படியானால் அது நம்முடையது இல்லையா, ஹஜ்ரத்?” என்றார். குரலில் ஏமாற்றம் இருந்தது. மறைக்கத் தெரியாத பிள்ளை. “லாஊத் என்ற சொல் நம்முடையது, அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். மற்றதற்கு, கேட்பவர் என்ற உறவு போதாதா?” என்றேன். அவர் அதற்கு உடன்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த விடுமுறையில் வரும்பொழுது நீன்யோ ரிக்கார்தோவின் பழைய பதிவு ஏதேனும் கிடைத்தால் கொண்டுவருமாறு கேட்டுக்கொண்டேன். பாக்கோவுக்கு முன்னால் உள்ளவரைக் கேட்க வேண்டும்.